ஒன்றரை அடி மண்

1

போன வாரம் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கடிதம்தான் போடுவார், கதவைத் தட்டமாட்டார். தங்கள் வீட்டுக்கு அடியில் கார் நிறுத்த நிலவறை தோண்டப்போகிறார்களாம். காலை ஏழு மணிக்கு முன்னால் சத்தம் இருக்காது, மதியமும் ஒரு மணி நேரம் நிறுத்திவைப்போம் என்று எழுதியிருந்தார்கள். வேலை தொடங்குவதற்கு முன் ஒரு பொறியாளர் வந்து எங்கள் சுவர்களில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களைப் படம் எடுத்துக்கொள்வார், எந்த நாள் வசதி என்று தெரிவிக்கவும் என்று கீழே ஒரு குறிப்பு.

வியாழக்கிழமை அவர் வந்தார். காலணிக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு அறை அறையாகப் போனார். இந்த வீட்டில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். என் கண்ணில் படாத ஒன்பது விரிசல்களை அவருடைய டார்ச் கண்டுபிடித்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவு அட்டையை வைத்துப் படம் எடுத்தார். போகும்போது, "இன்னும் ஏதாவது பதிவு செய்ய வேண்டுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் போனதும் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் மீரா என்னைப் பார்த்து நின்றாள். அவளுக்குப் பதினாறு வயது. அவள் ஜெர்மனில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது.

"தாத்தா வீட்டை நினைச்சியா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அங்கேயும் முதலிலேயே இப்படி ஒருத்தரை வரச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் சொல்ல ஆரம்பித்து இரண்டு வாக்கியத்துக்கு மேல் என்னால் போக முடியவில்லை. வரும் செவ்வாயோடு அது நடந்து ஒரு வருஷம். நான் தமிழில் எழுதினால் மீராவால் படிக்க முடியாது. அதனால் படிக்கத் தெரிந்த உங்களுக்கு எழுதுகிறேன்.

2

அப்பா விருதுநகர்ப் பக்கத்துக்காரர். ஐ.டி.ஐ. சான்றிதழோடு ஓசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் லேத் மிஷினில் முப்பத்து நான்கு வருஷம் நின்றவர். அம்மாவுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் பாரூர். ஓசூர் எல்லையில் ஜூஜுவாடியிலிருந்து உள்ளே தள்ளி, ரோஜாத் தோட்டமாக இருந்து லேஅவுட் ஆன இடத்தில் முப்பதுக்கு நாற்பது மனை ஒன்று வாங்கினார்கள். அதில் வீடு எழும்ப ஒன்பது வருஷம் ஆனது. நான் கல்லூரி முடிக்கும்போதுதான் சமையலறைக்கு டைல்ஸ் வந்தது.

அந்தத் தோட்டம் நாகராஜ் என்பவருடைய அப்பாவுடையது. மனைகளை விற்றபோது எங்கள் வீட்டுக்குக் கிழக்கே உள்ள துண்டை மட்டும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள். நாகராஜுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கன்னடம் எல்லாம் பேசுவார். கெட்ட மனிதர் என்று சொல்ல என்னால் முடியாது. என் கல்யாணத்துக்கு மூன்று கூடை ரோஜா அனுப்பியவர். கம்பெனி வேலைக்கு வருகிறவர்களுக்கு அறை கட்டி வாடகைக்கு விடுவதைத்தான் அங்கே நிலம் வைத்திருந்த எல்லோரும் செய்கிறார்கள், அவரும் செய்தார்.

போன வருஷம் சித்திரையில் பூஜை போட்டுவிட்டுத் தேங்காய் பழத்தட்டோடு வந்தார். "கீழ பார்க்கிங், மேல நாலு மாடி சார். கொஞ்ச நாளைக்கு சத்தம் இருக்கும். நீங்க நம்ம மனுஷங்க, பொறுத்துக்கணும்" என்றார். அம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஜேசிபி வந்தது. ஆறடி செம்மண்ணுக்குக் கீழே பாறை. அதை உடைக்க பிரேக்கர் வந்தது. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் இருட்டும்வரை அடி. போனில் பேசினால் அம்மா குரலுக்குப் பின்னால் அந்த அடிதான் கேட்கும். அலமாரியில் டம்ளர்கள் தானாக நகர்ந்து விளிம்புக்கு வருகின்றன என்றாள். அவளுடைய ரத்த அழுத்த மாத்திரை ஒன்று இரண்டானது.

எங்கள் காம்பவுண்டுச் சுவரிலிருந்து ஒன்றரை அடி விட்டு நேர்க்குத்தாகப் பன்னிரண்டு அடிக்குத் தோண்டியிருந்தார்கள். மண்ணைத் தாங்க ஒரு பலகைகூட வைக்கவில்லை. அப்பா டேப் பிடித்து அளந்துவிட்டுச் சொன்னார்: "ஒன்றரை அடி மண்ணுலதான் நம்ம வீடு நிக்குது, தாயி."

மூன்றாம் வாரம் படுக்கையறைச் சுவரில் விரிசல் விட்டது. அப்பாவிடம் ஃபீலர் கேஜ் ஒன்று இருந்தது. விசிறி மாதிரி விரியும் மெல்லிய தகடுகள், மிஷின் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளப்பதற்கு. தினமும் காலையில் குளித்துவிட்டு அதை விரிசலில் செருகி அளந்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைதான் என் வேலை. அவரும் நானும் ஒரே தொழில் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. பாயின்ட் த்ரீ எம்.எம். என்று வரும். நான்கு நாள் கழித்து பாயின்ட் ஃபோர். ஆனி கடைசியில் ஒரு நாள், "கேஜ் பத்தல" என்று மட்டும் வந்தது.

3

அப்பா புகார் கொடுக்க மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனார். ஆன்லைனில் போடச் சொன்னார்கள். நான் இங்கிருந்து போட்டேன். ஓ.டி.பி. எண் அப்பாவுடைய போனுக்குத்தான் வரும். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வொரு எண்ணாக வாசித்து முடிப்பதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். மூன்றாம் முறை மனு உள்ளே போனது. பன்னிரண்டு நாளில் பதில் வந்தது: கள ஆய்வு செய்யப்பட்டது, மனுதாரருக்கு விளக்கம் அளிக்கப்பட்டது, மனு முடிக்கப்பட்டது.

"யாருப்பா வந்தாங்க?"

"யாரும் வரலயே தாயி."

மறுபடி போட்டேன். ஏழு முறை போட்டிருப்பேன். ஐந்தாவது மனுவுக்கு நிஜமாகவே ஒருவர் வந்தார். சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி. குழியை எட்டிப் பார்த்து அவரே பயந்துபோனார் என்று அம்மா சொன்னாள். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "கட்டடத்துக்கு அனுமதி இருக்குதுங்க சார். குழிக்கு மட்டும் என்னால தடை போட முடியாது. நோட்டீஸ் குடுக்கறேன். மத்தபடி நீங்க கோர்ட்டுக்குத்தான் போவணும்" என்றாராம். நோட்டீஸ் வந்தது. மூன்று நாள் பிரேக்கர் நின்றது. நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு மறுபடி ஆரம்பித்தது.

அப்பா நேராக நாகராஜிடமே போனார்.

"சார், உங்களுக்கு ஒரு ஆபத்து வர உடுவனா? மண்ணு சரியாம ஒரு வால் கட்டித் தரேன். மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். டென்ஷன் ஆவாதீங்க, உங்களுக்கு ஷுகர் வேற இருக்குது."

சுவர் வரவில்லை. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கேட்டார்: "நீ ஒரு தடவ வந்து அந்தாளுகிட்டப் பேசிட்டுப் போனா நல்லாருக்கும். நான் பேசுனா அவரு சிரிச்சுக்கிட்டே காபி குடுத்து அனுப்பிருதாரு."

இத்தனை வருஷத்தில் அவர் என்னை வரச் சொல்லிக் கேட்டது அது ஒரு முறைதான்.

மறுநாள் என் மேலதிகாரியிடம் விடுப்பு கேட்டேன். ஜெர்மனில் குழிக்கும் கல்லறைக்கும் சொற்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். அப்பா வீட்டுப் பக்கத்தில் கல்லறை தோண்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அறையில் இருந்த ஒருத்தி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். திருத்திச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கம்பெனியில் தணிக்கை வருகிறது, அது முடிந்ததும் போகலாமே என்றார் அதிகாரி. சரி என்றேன். மீராவுக்கும் பரீட்சை இருந்தது. சத்தியமாகச் சொன்னால், போகாமல் இருக்கக் காரணம் கிடைத்தது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. "தீபாவளிக்கு வர்றேம்ப்பா" என்றேன்.

4

குழியின் மறுகரையில் தகரக் கொட்டகை போட்டு ஒரு தம்பதி இருந்தார்கள். கர்நாடகத்தில் ராய்ச்சூர்ப் பக்கம். மல்லம்மா, ஈரப்பா. காவலும் அவர்கள்தான், மண் சுமப்பதும் அவர்கள்தான். கொட்டகைக்குத் தண்ணீர் இணைப்பு கிடையாது. முதல் நாளே மல்லம்மா எங்கள் கேட்டில் குடத்தோடு நின்று, "அம்மா, ஸ்வல்ப நீரு கொடி" என்று கொஞ்சம் தண்ணீர் கேட்டிருக்கிறாள். அம்மாவுக்குக் கன்னடம் நன்றாக வரும். அன்றிலிருந்து தினமும் இரண்டு குடம். பிறகு காலையில் டீ. பிறகு மதியம் வேலை நிற்கும் நேரத்தில் வாசலில் உட்கார்ந்து பேச்சு. அம்மாவுடன் பேச அந்தத் தெருவில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை. போனில் அவள் பேச்சு நாகராஜை விட்டு மல்லம்மாவுக்கு மாறியது. அவளுக்கு ஊரில் இரண்டு பெண் பிள்ளைகள், மாமியாரிடம் விட்டிருக்கிறாள். அவளுக்குப் புளி ரசம் பிடிக்கும். முருங்கைக்கீரையை அவள் ஆய்கிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அப்பா அவளைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் சுவருக்கு நேர்கீழே நிற்காதே என்று கையைக் காட்டிச் சொல்வார். வேலை எந்த மூலையில் இருக்கிறதோ அந்த மூலையில்தானே நிற்க முடியும், சார் என்று அவள் சிரிப்பாளாம்.

அந்த நாட்களில்தான் அப்பா இன்னொன்றும் சொன்னார். சுவரோரமாகத் தரைக்கு அடியில் இருக்கும் எங்கள் சம்ப்பில் தண்ணீர் மட்டம் தினமும் இரண்டு விரற்கடை இறங்குகிறது, எங்கேயோ கசிகிறது என்றார். கொத்தனாரைக் கூப்பிடலாமா என்று கேட்டார். நான்தான் சொன்னேன்: "இப்பப் பூசினா பிரேக்கர் அதிர்ச்சியில மறுபடி விடும்ப்பா. அவங்க வேலை முடியட்டும், அப்புறம் சேர்த்துப் பாத்துக்கலாம்."

"அதுவும் சரிதான்" என்றார்.

5

ஆவணியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் வெயில் அடித்தது. எனக்கு இங்கே காலை ஏழு மணி, மீராவுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அம்மா பேசவில்லை. ஓர் ஆண் கன்னடத்தில் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது மட்டும் கேட்டது. அம்மா போனைப் பிடித்தபடி நின்றிருக்கிறாள், அழைத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

காம்பவுண்டுச் சுவரும், சம்ப்பும், குளியலறையில் பாதியும் அந்த ஒன்றரை அடி மண்ணோடு குழிக்குள் போய்விட்டன. மல்லம்மா கீழே நின்று பாத்திரத்தால் மழைத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிக் கையால் மண்ணை அள்ளியிருக்கிறார். எழுபத்து நாலு வயது. இரண்டு பேர் பிடித்து மேலே இழுத்தார்கள். அவளை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. உயிர் இல்லை.

அன்று யாரும் என்னிடம் தணிக்கை பற்றிப் பேசவில்லை. மறுநாள் விமானத்தில் இருந்தேன்.

6

நான் போய்ச் சேரும்போது படுக்கையறைச் சுவருக்குள் கை நுழையும் அளவு இடைவெளி. அப்பாவும் அம்மாவும் தெருவின் மறுபக்கம் ஒரு வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் நகங்களுக்குள் செம்மண் அப்படியே இருந்தது.

அடுத்த நாள் காலை அப்பாவைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். புகார் கொடுத்தவர் என்பதால் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். ஏழு மனுக்களையும் அச்செடுத்து ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு, விமானத்தில் வரும்போதே மனதில் எழுதிப் பார்த்த வாக்கியங்களோடு போனேன். விசாரித்த அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"இதெல்லாம் முடிச்சாச்சுன்னு போட்டிருக்குதேம்மா."

"ஒண்ணத் தவிர மத்ததெல்லாம் யாரும் வந்து பாக்காமலே முடிச்சிருக்காங்க சார்."

"அது வேற டிபார்ட்மென்ட்." கோப்பை என் பக்கம் தள்ளிவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "பெரியவரே, நாகராஜோட இன்ஜினியர் ஒண்ணு எழுதிக் குடுத்திருக்காரு. உங்க சம்ப்பு லீக்காகி மண்ணு ஊறிப்போச்சு, அதனாலதான் சரிஞ்சுதுன்னு. லீக் இருந்துச்சா?"

மேசைக்கு அடியில் அப்பாவின் கையை அழுத்தினேன். சம்ப்பு உடைந்து குழிக்குள் கிடக்கிறது. இல்லை என்று சொன்னால் யாராலும் நிரூபிக்க முடியாது.

"இருந்துச்சு சார்" என்றார் அப்பா. "ரெண்டு மாசமா. தெரிஞ்சும் நான் சரி பண்ணல."

வெளியே வந்ததும் கத்தினேன். "ஏம்ப்பா சொன்னீங்க? அவங்க பலகை வைக்கல, சுவர் கட்டல. நம்ம மேல தூக்கிப் போடப் பாக்குறாங்க, அது புரியலயா?"

"புரியுது." செருப்பை மாட்டுவதற்கு என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஆனா இருந்துச்சுல்ல, தாயி."

சாயங்காலம் நாகராஜ் வந்தார். ஷேவ் செய்யாத முகம். அவரும் தூங்கியிருக்கவில்லை. அப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"சார், தப்பு எல்லார் மேலயும் இருக்குது. கேஸுன்னு போனா என் பேரும் வரும், உங்க பேரும் வரும். இந்த வயசுல நீங்க கோர்ட்டு வாசல்ல நிக்கறதா? மல்லம்மா குடும்பத்துக்கு என்ன செய்யணுமோ செஞ்சிட்டேன். உங்க வீட்டையும் நானே எடுத்துக்கறேன், குறைச்சுக் கேக்க மாட்டேன். எனக்கு எந்தப் புகாரும் இல்லைன்னு நீங்க ஒண்ணு எழுதிக் குடுத்தாப் போதும்."

அவர் போன பிறகு அப்பா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அந்தப் பொண்ணுக்காக யாரு கேக்கறது?" என்றார்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. மீராவிடம் நான் உரிமையைப் பற்றி அடிக்கடி பேசுவேன். இங்கே ரயில் தாமதமானால்கூட விண்ணப்பம் போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்குகிறவள் நான். அன்றைக்கு அப்பாவிடம் சொன்னேன்: "நாம கேட்டு என்னப்பா ஆகப்போகுது? கையெழுத்துப் போட்டுருங்க. எனக்குப் பத்து நாள்தான் லீவு."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு பேனா கேட்டார்.

7

ஜெர்மனி திரும்புவதற்கு முந்தின நாள் மிச்சச் சாமான்களை எடுக்க வீட்டுக்குப் போனேன். குழியில் வேலை மறுபடி ஆரம்பித்திருந்தது. இந்த முறை சரிந்த பக்கத்தில் தகரமும் கட்டைகளும் முட்டுக் கொடுத்து நின்றன. கீழே மண்ணை வாரிக்கொண்டிருந்தவர்களில் ஈரப்பாவும் இருந்தார். உடலை ஊருக்குக் கொண்டுபோய், காரியத்தை முடித்துவிட்டு, பிள்ளைகளை அங்கேயே விட்டுத் திரும்பியிருக்கிறார்.

மேலே கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்த கன்னடம் எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. இங்கேயே ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"வேற எங்க போறது அக்கா? முன்பணம் வாங்கியிருக்கோம், ரெண்டு பேருக்கும் சேத்து" என்றார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க வீட்டுத் தண்ணியாலதான்னு மேஸ்திரி சொல்றாரு. நிஜமா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. வழி கேட்பது போலக் கேட்டார்.

"தெரியாது" என்பதற்குக் கன்னடச் சொல் எனக்குத் தெரியும். அது வாயில் வரவில்லை.

அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "மூணு நாள் மழை பேஞ்சுதே அக்கா. மழைதான். அப்பாகிட்ட அப்படியே சொல்லுங்க. அன்னைக்கு அவரும் எறங்கித் தோண்டினாரு." தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

அப்பாவிடம் சொன்னேன். சொன்னால் அவர் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தேன்.

"லீக் எனக்கு முன்னாடியே தெரியும்னு அவனுக்குத் தெரியாதுல்ல" என்றார்.

8

இப்போது அப்பாவும் அம்மாவும் பாரூரில் இருக்கிறார்கள். என் மாமா பார்த்துக் கொடுத்த வாடகை வீடு. ஓசூரில் எங்கள் வீட்டை இடித்து, இரண்டு மனையையும் சேர்த்து ஒரே கட்டடமாக எழுப்பியாயிற்று. அறைகள் நிரம்பிவிட்டன என்று கேள்வி. அம்மாவிடம் மல்லம்மா என்ற பெயரைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறாள். வீடியோ அழைப்பில் மீரா வந்தால் அப்பா "நல்லாருக்கியா" என்பார், அவள் "நல்லாருக்கேன் தாத்தா" என்பாள். அதற்கு மேல் இருவருக்கும் பொதுவான சொற்கள் இல்லை.

நேற்று நான் அழைத்தபோது அப்பா வீட்டில் இல்லை.

"எங்கம்மா?"

"ஓசூருக்குத்தான்" என்றாள் அம்மா. "போச்சம்பள்ளி போயி, கிருஷ்ணகிரில பஸ் மாறி, காத்தாலயே போயிட்டாரு. இதோட நாலாவது வாட்டி. நான் சொன்னா எங்க கேக்கறாரு?"

தெரிந்த கதைதான். பிப்ரவரியிலிருந்து நடக்கிறது. அப்பா தன் கையாலேயே ஒரு மனு எழுதியிருக்கிறார். அந்தச் சாவுக்குப் பொறுப்பானவர்களை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று. அதில் முதல் பெயர் அவருடையது. சம்ப்பு கசிவது தெரிந்தும் சரி செய்யாதவர். இரண்டாவது நாகராஜ். மூன்றாவது மேஸ்திரி. என் பெயரை அவர் எழுதவில்லை. ஸ்டேஷனில் வாங்க மறுக்கிறார்கள். பெரியவரே, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புகிறார்கள். மூன்றாம் முறை யாரோ அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். மாசி மாதம் அந்த மனுவைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பி, மேலதிகாரிகளுக்கு ஆன்லைனில் போடச் சொல்லியிருந்தார். நான் போடவில்லை. வழக்கு அவர்மேல் திரும்பினால் யார் அலைவது? எழுபத்தைந்து வயதில் அவர் எங்கே போய் நிற்பார்?

மதியம் அவரே அழைத்தார். பஸ் ஸ்டாண்டு இரைச்சல். மூச்சு வாங்கியது.

"இன்னைக்கும் வாங்கல தாயி. நீ ஆன்லைன்ல போட்டது என்னாச்சு?"

"போட்டுட்டேம்ப்பா. அப்பவே போட்டுட்டேன்."

"பதில் வந்துச்சா?"

"இன்னும் வரல."

"வரும்" என்றார் அப்பா. "கொஞ்சம் லேட்டாகும். நாம பொறுமையா இருப்போம்."